பதினோரு வினாடிப் பெயர்

அத்தியாயம் 5

“கொல்றதெல்லாம் வேண்டாம்க்கா,” என்றாள் பென்சில். “ஆனா சாகிற வரைக்கும் அவனுக்கு இது மறக்கக் கூடாது. அப்படி ஒண்ணு பண்ணணும்.”

லிஃப்டுக்குள் மூன்று பேர்தான். பஞ்சர் அரையடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான். பேசியது சின்ன உருவம்தான். ஆனால் அவள் கொண்டையில் எப்போதும் செருகியிருக்கும் பென்சில் இன்றைக்கு ஊசி மாதிரி சீவப்பட்டிருந்தது. அந்தப் பென்சிலால்தான் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர்.

“யாருன்னு தெரிஞ்சாத்தானேம்மா எதையாவது பண்ண முடியும்?” என்றாள் அண்ணி.

“யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்.”

“பேஷ். தீர்ப்பை எழுதிட்டு சாட்சி தேடற கேஸ்,” என்றான் பஞ்சர். “பாதி வேலை முடிஞ்சுது அண்ணி. காபி சாப்பிட்டுக் கிளம்பலாமா?”

அண்ணி திரும்பியும் பார்க்கவில்லை. கையிலிருந்த நாற்பது பக்கப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தின் மூலையை மடித்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் வரும்போதும் அதைத்தான் படித்துக்கொண்டு வந்தாள். படங்களுக்குப் பெயர் வைக்கும் விதிமுறைகள். அதைப் பார்த்ததுமே பஞ்சருக்குத் தூக்கம் வந்து, இரண்டு நிறுத்தம் தூங்கியும்விட்டான்.

அவள் பஞ்சருக்குத்தான் அண்ணி. செத்துப்போன அவன் அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருஷம் நீதிமன்றத்து ஆவண அறையில் கட்டுகளுக்குச் சீட்டு ஒட்டியவள். ஐம்பதாயிரம் கட்டுக்கு நடுவே கேட்டதை நாலு நிமிஷத்தில் எடுத்துவந்து மேஜையில் வைப்பாள் என்று நீதிபதிகளே சொல்வார்கள். அதை விட்டுவிட்டு வெளியே வந்தவள் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இரண்டு அறை பிடித்து, தொலைந்ததையும் மறைத்ததையும் கண்டுபிடித்துக் கொடுக்கிற தொழிலை ஆரம்பித்தாள். டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கொழுந்தனும் நாற்பத்தெட்டு வயதில் கடையை மூடிவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டான். கடை போனது. பெயர் போகவில்லை.

விஷயம் இதுதான். இந்த அலுவலகம் ஆஸ்பத்திரிகளுக்கு ஆப் செய்து கொடுக்கிறது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, ஸ்கேன் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முடிவு போனிலேயே வந்துவிடும். வெறும் எழுத்தாக வந்தால் மனசு பதறும் என்று மேலே ஒரு படம் போடுவார்கள். நல்ல முடிவென்றால், மழை விட்ட தெருவில் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடுகிற ஒரு பெண். கெட்ட முடிவென்றால், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவளின் தோளில் இன்னொருத்தியின் கை. இரண்டும் பென்சில் வரைந்தவை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டும் இடம் மாறிவிட்டன. ‘உடனே டாக்டரைப் பாருங்கள்’ என்று படித்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மேலே ஒருத்தி குடையைத் தூக்கிப் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

மாற்றியது பென்சிலின் லாகின். அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு நாலு மணிக்குக் கூட்டம். ‘வேண்டுமென்றேதான் செய்தேன்’ என்ற கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் போலீஸ். போட்டால் போலீஸ் இல்லை, ஆனால் அதற்கப்புறம் இந்தத் தொழிலில் ஒருத்தரும் அவளை வாசல்படி ஏற்ற மாட்டார்கள். இப்போது மணி இரண்டரை.

“அதுல ஒரு பொண்ணு எனக்கு போன் பண்ணுச்சுக்கா,” என்றாள் பென்சில், லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டு. “என் நம்பர் எப்படிக் கெடச்சுதோ தெரியல. திட்டும்னு நெனச்சேன். திட்டல. ‘எங்கம்மா படத்தை மட்டும் பாத்துட்டு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு பக்கத்து வீடு எதிர் வீடு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டாங்க. அப்புறம்தான் நான் எழுத்தைப் படிச்சேன். அதை நான்தான் அவங்ககிட்ட சொன்னேன்’னு சொல்லிச்சு. அவ்ளோதான். வெச்சிடுச்சு.”

பஞ்சருக்கு வாயில் ஒரு ஜோக் வந்து நின்றது. அதை முழுங்கிவிட்டான்.

லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே சித்தப்பா நின்றிருந்தார். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் சித்தப்பாதான். நரைத்த தலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, அதிர்ந்து பேசாத குரல். துப்பறிகிற அண்ணியின் விலாசத்தைப் பென்சிலுக்குக் கொடுத்ததே அவர்தான்.

“வந்துட்டியா கண்ணு? சாப்பிட்டியா?” என்று பென்சிலின் தலையைத் தொட்டவர், விருந்தாளிகளை டீ அறைக்கு அழைத்துப் போய் அவர் கையாலேயே டீ போட்டார். கழுவிய கோப்பை இரண்டுதான் இருந்தது. “பரவால்ல, நீங்க என்னோடதுல குடிங்க,” என்று பஞ்சர் கையில் ஒரு பழைய வெள்ளைக் கோப்பையைக் கொடுத்தார். தேய்த்துத் தேய்த்துப் பாதி அழிந்துபோன ஒரு படம் அதில் இருந்தது. மேலே கொத்தாக வட்டங்கள், கீழே இரண்டு கால்கள்.

“திராட்சைக் கொத்தா சார்? தலைகீழா தொங்குதே?”

சித்தப்பா சிரித்தார். “பழசுங்க. இங்க எல்லாம் மாறியாச்சு. மாறாம கெடக்கறது நானும் இந்தக் கோப்பையும்தான்.” அப்புறம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “ஒருத்தர் மேல பழி போடறது தப்பு. நான் யார் பேரையும் சொல்லல. ஆனா அன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் கீழதான் இருந்தோம். படத்துக்கெல்லாம் விதி எழுதற சட்டாம்பிள்ளை மட்டும் கீழ வரவே இல்ல. அத மட்டும் மனசுல வெச்சுக்கங்க.”

“வெச்சுக்கறேன்,” என்றாள் அண்ணி. “நீங்க கீழதான் இருந்தீங்களா?”

“நானா? முன்னப் பின்ன இருப்பேன். சர்க்கரை மாத்திரை எடுக்க மேல வந்திருப்பேன். வயசாச்சில்ல.”

பஞ்சருக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போயிற்று. டீயும் நன்றாக இருந்தது. பாதி குடித்த கோப்பையோடே சட்டாம்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பினான்.

சட்டாம்பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்காமலும் போயிற்று. முப்பது வயசு இருக்கும். அவன் மேஜையில் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தது. ஸ்டேப்ளர் மேல் ‘ஸ்டேப்ளர்’ என்று ஒட்டியிருந்தது. தண்ணீர் பாட்டிலில் ‘தண்ணீர்’.

“நல்லவேளை சார், நெத்தியில ஒட்டிக்கல,” என்றான் பஞ்சர்.

சட்டாம்பிள்ளை அதைக் காதில் வாங்கவில்லை. பென்சிலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “கூட்டம் நாலு மணிக்கு. அதுக்கு முன்னாடி இவங்க மேல வரவே கூடாது.”

“கூட்டிட்டு வந்தது நான்,” என்றாள் அண்ணி. “உங்க நிர்வாகியம்மாகிட்ட அனுமதி வாங்கியாச்சு. நான் உங்க புத்தகத்தைப் படிச்சேன். ரெண்டு சந்தேகம்.”

“எந்தப் புத்தகம்?”

“படத்துக்குப் பேர் வைக்கிற விதிமுறை. நாற்பது பக்கம்.”

அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! பெண் பார்க்க வந்த வீட்டில் பாட்டுப் பாடச் சொன்னது போல் ஒரு வெட்கம். “முழுசுமா படிச்சீங்க?”

“அடிக்குறிப்பு உட்பட.”

அதற்கப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்பது பெயரில் வரவே கூடாதாம். எந்த இடத்துக்கு, எந்த மனநிலைக்கு, எத்தனையாவது. மூன்றே மூன்று. அதனால் குடைக்காரியின் பெயர் ‘முடிவு-நல்லது-01’. ஜன்னலோரப் பெண்ணின் பெயர் ‘முடிவு-வருத்தம்-01’. ஆப் பெயரை மட்டும்தான் பார்க்கும். அந்தப் பெயரில் எந்தப் படம் இருக்கிறதோ அதை எடுத்துக் காட்டும்.

“நாளைக்கே குடையை எடுத்துட்டு சைக்கிள் வரைஞ்சாலும் பேரு மாறாது பாருங்க. அதான் அழகு. முன்னாடி இங்க என்ன பண்ணியிருந்தாங்க தெரியுமா? படத்துல இருக்கறதையே பேரா வெச்சிருந்தாங்க. ‘நாய்-வாலாட்டுது.’ ‘தாத்தா-மாத்திரை.’ யாரோ பழைய ஆளுங்க வெச்சது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் வந்த முதல் மாசமே அறுநூறு பேரையும் ஒரே மத்தியானத்துல தூக்கிட்டேன். பழைய படங்களையும் சேத்து. மேடையில நின்னு ஒவ்வொரு பேரா படிச்சுக் காட்டினேன். மொத்த ஆபீசும் விழுந்து விழுந்து சிரிச்சுது.”

“பேரைப் பாத்தா படம் தெரியும்கறதுல ஒரு நல்லது இருக்கே,” என்றாள் பென்சில் பல்லைக் கடித்துக்கொண்டு. “இடம் மாறினா பாக்கறவன் கண்ணுல படும். உங்க விதியால ஒருத்தன் கண்ணுலயும் படல. நாலு மணி நேரம்!”

“பாத்தீங்களா? முந்தின நாள் கூட்டத்துலயும் இதேதான். ‘உங்க விதியை ஒரு நாள் கவுத்துக் காட்டறேன்’னு எல்லார் முன்னாடியும் கத்தினாங்க. மறுநாள் கவுத்துட்டாங்க. இதுல துப்பறிய என்ன இருக்கு?”

பென்சிலின் கை கொண்டைக்குப் போனது. பஞ்சர் அவசரமாக நடுவில் வந்து நின்றான்.

“தம்பி,” என்றாள் அண்ணி அவனைப் பார்த்து, “நீயும் பென்சிலும் இந்த ரெண்டு நாற்காலியில உட்காருங்க. சரி. இப்ப இடம் மாறி உட்காருங்க.”

இருவரும் எழுந்தார்கள்.

“இருங்க. ஒரு நிபந்தனை. ஒரு நாற்காலியில ஒரு நேரத்துல ஒருத்தர்தான். ஒவ்வொருத்தராத்தான் நகரணும்.”

பஞ்சர் யோசித்தான். “அப்ப நான் முதல்ல எந்திரிச்சு எங்கேயாவது ஓரமா நிக்கணும். அவங்க என் நாற்காலிக்கு வருவாங்க. அப்புறம் நான் அவங்க நாற்காலிக்குப் போவேன். ரெண்டு டயரை மாத்தி மாட்டணும்னா ஒண்ணைக் கழட்டிக் கீழ வெச்சுத்தானே ஆகணும் அண்ணி?”

“அதேதான். ஒரு பேர்ல ஒரு படம்தான் இருக்க முடியும்கறது மூணாவது விதி. அப்ப ரெண்டு படத்தை இடம் மாத்தணும்னா, நடுவுல ஒரு படம் கொஞ்ச நேரம் வேற ஏதோ பேர்ல நின்னிருக்கணும்.” அண்ணி கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, மூலை மடித்த பக்கத்தைத் திறந்தாள். “பதினேழாவது விதி. ‘ஒருமுறை வைத்த பெயரும் அதில் ஏறிய படமும் அழியாது. எல்லாப் பெயரும் தானாகவே பதிவேட்டில் ஏறும்.’ அந்தப் பதிவேட்டை எனக்குக் காட்ட முடியுமா?”

“அதுல லாகின் பாத்தாச்சே. இவங்களோடதுதான்.”

“லாகினுக்குக் கீழ படிச்சீங்களா?”

சட்டாம்பிள்ளை அதற்குக் கீழே படிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போனான். மூன்றே வரிகள்.

மதியம் ஒன்று பன்னிரண்டுக்கு, ஐந்தாவது வினாடியில் ‘முடிவு-நல்லது-01’ வேறொரு பெயருக்கு மாறியிருந்தது. ஒன்பதாவது வினாடியில் ஜன்னலோரப் பெண் ‘முடிவு-நல்லது-01’ ஆகியிருந்தாள். பதினாறாவது வினாடியில் குடைக்காரி ‘முடிவு-வருத்தம்-01’ ஆகிவிட்டாள். நடுவில் பதினோரு வினாடி மட்டும் உயிரோடு இருந்த அந்தப் பெயர், ‘பலூன்-கூட்டம்’.

“ஹா!” என்று மேஜையைத் தட்டினான் சட்டாம்பிள்ளை. ‘ஸ்டேப்ளர்’ துள்ளி விழுந்தது. “முடிஞ்சுது! படத்துல இருக்கறதைப் பேரா வைக்கிறது இந்த ஆபீஸ்லயே இவங்க ஒருத்தங்கதான். இன்னிக்கும் அதை ‘குடைக்காரி’ன்னுதான் சொல்வாங்க. இதை நானே பாக்காம விட்டுட்டேன். ரொம்ப நன்றி மேடம், கேஸை நீங்களே முடிச்சுக் குடுத்துட்டீங்க!”

அண்ணி கொண்டுவந்த கத்தி, கூட்டிக்கொண்டு வந்தவள் கழுத்திலேயே விழுந்துவிட்டதே! பஞ்சர் பென்சிலைப் பார்த்தான். அவள் அழவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பலூன் எங்க இருக்கு?” என்றாள்.

“என்ன?”

“நான் வரைஞ்சது குடை. மழைத்தண்ணி, ஒரு பொண்ணு, குடை. பலூன் எங்கயும் இல்லையே. நான் வெச்சிருந்தா ‘குடைக்காரி’ன்னு வெச்சிருப்பேன். என் வாழ்க்கையிலயே இந்த ஆபீசுக்கு நான் பலூன் வரைஞ்சதில்லக்கா.”

சட்டாம்பிள்ளை மொத்தக் கிடங்கையும் தேடிப் பார்த்தான். அறுநூற்றுச் சொச்சம் படத்தில் ஒரு பலூன்கூட இல்லை.

“நீ சேர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன படம் இருந்துச்சு?” என்றாள் அண்ணி.

“தெரியாதுக்கா. நான் வரும்போது எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க. காலியா இருந்த இடத்துக்குத்தான் வரைஞ்சேன்.”

“உங்களுக்கு சார்?”

சட்டாம்பிள்ளையின் கழுத்து சிவந்தது. “பாக்கல. பேரை மட்டும்தான் படிச்சேன். அறுநூறு பேர்ல எது எந்தப் படம்னு யாரு ஞாபகம் வெச்சுக்கறது?”

“யாரோ வெச்சிருக்காங்க,” என்றாள் அண்ணி.

டீ ஆறிப்போயிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கடைசி வாயைக் குடிக்கக் கோப்பையைத் தூக்கிய பஞ்சர் அப்படியே நின்றுவிட்டான். தலைகீழ்த் திராட்சை அவன் மூக்குக்கு நேரே இருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே மெல்லிசாக ஒரு கோடு இறங்கியது. கோடுகள் எல்லாம் ஒரு இடத்தில் சேர்ந்தன. அந்த இடத்தில், அழிந்தும் அழியாமல், ஒரு பெண்ணின் கை.

“அண்ணி,” என்றான். “திராட்சைக்கு எதுக்கு நூல்?”

அண்ணி கோப்பையை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கைக்குட்டையை எடுத்து அதன் மேல் போர்த்தினாள்.

“நாலு மணி ஆகட்டும்,” என்றாள். “அதுவரைக்கும் மூணு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. தம்பி, உனக்குத்தான் முக்கியமா சொல்றேன்.”

கூட்ட அறையில் நிர்வாகியம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கடிதம், மேலே மூடி திறந்த பேனா. சட்டாம்பிள்ளை ஒரு பக்கம். பென்சிலுக்குத் துணையாக உட்காருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு சித்தப்பா அவள் பக்கத்து நாற்காலியில். அவள் கையை வேறு பிடித்துக்கொண்டிருந்தார்.

“கண்டுபிடிச்சீங்களா?” என்றாள் நிர்வாகியம்மா.

“ஒரே ஒரு சின்ன விஷயம் பாக்கி,” என்றாள் அண்ணி. “சித்தப்பா சார், நீங்கதான் இங்க ரொம்ப வருஷமா இருக்கறவர். உங்களைக் கேட்டா தெரியும்னு நெனக்கிறேன். இந்தப் படம் ரொம்ப அழகா இருக்கு. இதுக்கு யாரு பேரு வெச்சது?”

கைக்குட்டையை எடுத்தாள்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. பொய்யில்லை, நிஜமாகவே மலர்ந்தது. இரண்டு வருஷமாக அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது பஞ்சருக்கு அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

“நான்தாங்க. முதல் ஆஸ்பத்திரிக்கு ஆப் குடுத்த அன்னிக்கு எல்லாருக்கும் இந்தக் கோப்பை குடுத்தாங்க. நல்ல முடிவுக்கு வர்ற படம் இது. பலூன்-கூட்டம்.”

சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணி பதிவேட்டின் தாளை அவர் முன்னால் வைத்தாள். கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க, பென்சிலின் கையைப் பிடித்திருந்த அவர் கை தானாக விலகியது.

“இப்படி ஒரு பதிவேடு இருக்கா?” என்றார்.

“பதினேழாவது விதி,” என்றாள் அண்ணி. “நீங்க படிக்கலையா?”

“அவன் எழுதினதை நான் ஏன் படிக்கணும்?” அதிர்ந்து பேசாத குரல் முதல் தடவையாக அதிர்ந்தது. “பதினோரு வருஷம்! அறுநூறு படம். ஒவ்வொண்ணா உட்காந்து பாத்துப் பாத்துப் பேர் வெச்சேன். எந்தப் படம் எங்கன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். இவன் வந்து ஒரே மத்தியானத்துல அழிச்சான். அழிச்சிட்டுப் போயிருந்தாகூடப் பரவால்ல. மேடையில ஏறி ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினான். இது பேரா, மளிகைச் சீட்டான்னு கேட்டான். அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்கலேன்னா அது நான் வெச்சதுன்னு தெரிஞ்சிடுமே!”

சட்டாம்பிள்ளை எழுந்தான். “எனக்கு அது நீங்க வெச்சதுன்னு...”

“தெரியாது. அதைத்தான் சொல்றேன். விசாரிக்கக்கூட இல்ல நீ. உன் விதியாலதான் இந்தக் கேவலம்னு ஊரே உன்னைக் காறித் துப்பணும்னு நெனச்சேன். முந்தின நாள் இவ கத்தினதும், இதான் நேரம்னு தோணிச்சு. மத்தியானம் மாத்திரை எடுக்க மேல வந்தேன். இவ கம்ப்யூட்டர் தெறந்து கெடந்துச்சு. நடுவுல ஒரு பேர் கேட்டுது. நான் யோசிக்கவே இல்ல. கைதான் அடிச்சுது. அந்த இடத்துக்கு அதுதானே பேரு!”

“பழி என் மேல விழுந்துச்சே,” என்றாள் பென்சில். “அப்ப ஏன் சொல்லல?”

“உன் மேல நிக்காதுன்னு நெனச்சேன் கண்ணு. அதனாலதானே இவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்? இவங்க எப்படியும் அவன் பக்கம் திருப்பிடுவாங்கன்னு...”

“என்னை வெச்சு அவனை அடிக்கப் பாத்தீங்க.” அவள் குரல் ஏறவே இல்லை. “ரெண்டு தடவை.”

பஞ்சருக்கு நாக்கில் அந்த டீயின் ருசி இன்னும் இருந்தது. துப்பிவிட்டு வரலாம் போல் இருந்தது. மத்தியானத்திலிருந்து சட்டாம்பிள்ளைதான் என்று அவன் மனசுக்குள் தூக்கு மேடையே கட்டிவைத்திருந்தான். ஆள் மாறிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது, முன்னைவிட அதிகமாக.

“கண்ணு, மன்னிச்சிடும்மா,” என்றார் சித்தப்பா.

“என்கிட்ட ஏன்? இருநூத்திப் பன்னண்டு பேர் இருக்காங்க. தெரு முழுக்கப் போய்ச் சொல்லிட்டு வந்த அந்தம்மா இருக்காங்க. அவங்களுக்கு நீங்க யாருன்னாவது தெரியுமா?”

நிர்வாகியம்மா கடிதத்தை நான்காகக் கிழித்தாள். பேனாவை மூடினாள். “போலீஸுக்கு நான் எழுதிக்கறேன். ஆஸ்பத்திரிக்காரங்க விட மாட்டாங்க, நானும் விடறதா இல்ல. நீ நாளையிலேர்ந்து வேலைக்கு வாம்மா. உனக்கு நாங்க பெரிய தப்புப் பண்ணிட்டோம். என்ன வேணும்னு சொல்லு.”

“போலீஸ் உங்க கணக்கு மேடம். என் கணக்கு வேற.” பென்சில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. “அந்த இருநூத்திப் பன்னண்டு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு அனுப்பப் போறீங்கல்ல?”

“நாளைக்கு அனுப்பணும்.”

“மேல ஒரு படம் வரும்ல? இனிமே இந்த ஆப் எப்பத் தப்புப் பண்ணாலும், எந்த ஆஸ்பத்திரியில யாருகிட்ட மன்னிப்புக் கேட்டாலும், அந்தப் படம்தானே வரும்?”

“ஆமா.”

“அதை நான் இப்பவே வரையறேன்.” கிழிந்த கடிதத்துக்கு அடியிலிருந்த வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டாள். நாற்காலியைத் திருப்பி, சித்தப்பாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். “தலையைக் குனிஞ்சுக்கங்க. அவ்ளோ வேண்டாம், முகம் தெரியணும். கண்ணாடி இருக்கட்டும். கயிறும் இருக்கட்டும். அந்தக் கோப்பையைக் கையில பிடிச்சுக்கங்க, பலூன் இந்தப் பக்கம்.”

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “வேண்டாம்மா,” என்றார். “என் பேத்தி போன்ல இந்த ஆப் இருக்கும்மா.”

“அந்தம்மா போன்லயும் இருந்துச்சு.”

பஞ்சர் அண்ணியைப் பார்த்தான். எதையாவது சொல்லித் தடுப்பாள் என்று நினைத்தான். அண்ணி எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினாள். வெளிச்சம் அவர் முகத்தில் நன்றாக விழுந்தது.

சட்டாம்பிள்ளைக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷத்தில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, “பேரு...” என்றான். தயக்கமாக, பென்சிலைப் பார்த்தே கேட்டான். “பேரு என்னன்னு போடட்டும்?”

“உங்க விதிப்படியே போடுங்க. எந்த இடம், எந்த மனநிலை, எத்தனாவது. யாரு இருக்காங்கங்கறது பேர்ல வரக் கூடாதுல்ல?”

“முடிவு-மன்னிப்பு-01,” என்று அடித்தான் அவன்.

தாளில் பென்சில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதலில் நரைமுடி வந்தது. அப்புறம் கண்ணாடி. அடுத்தது கோப்பை பிடித்த கை.

“எவ்வளவு நாளைக்கும்மா இது இருக்கும்?” என்று கேட்டார் சித்தப்பா, உதட்டை அசைக்காமல்.

அண்ணி கைப்பையிலிருந்து அந்த நாற்பது பக்கப் புத்தகத்தை எடுத்தாள். மூலை மடித்திருந்த பக்கத்தைத் திறந்து, பதினேழாவது விதியைத் தொட்டுக் காட்டி, அவர் மடியில் வைத்தாள்.

“இப்பவாவது படிங்க,” என்றாள்.

“அசையாதீங்க சித்தப்பா,” என்றாள் பென்சில்.